ஏ9 வீதி வரிசை மாறாமல் வருமா? கைபேசிச் செயலிக்கான எக்ஸ்எம்எல் பார்சர்கள் பற்றிய மதிப்பீடு

வவுனியாவில் ஏறி வடக்கே போகும் பஸ், ஓமந்தை தாண்டிப் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று போய்க் கிளிநொச்சியைத் தொடும். பிறகு பரந்தன், ஆனையிறவு. வன்னியில் இந்த ஒழுங்கு தெரியாத பிள்ளை இல்லை. அதே வீதியை எக்ஸ்எம்எல் (தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் முறை) கோப்பாக எழுதிக் கைபேசிச் செயலிக்குக் கொடுத்தால், சில பார்சர்கள், அதாவது அந்தக் கோப்பை வாசித்துப் பிரித்துத் தரும் நிரல்கள், ஆனையிறவுக்குப் பிறகு புளியங்குளத்தைக் காட்டுகின்றன. கோப்பில் பிழை இல்லை. இடங்கள் ஒன்றும் தொலையவும் இல்லை, ஒன்பதும் இருக்கின்றன. ஒழுங்கு மட்டும் போய்விடுகிறது. பஸ் நேரசூசி, குளக்கட்டுச் சோதனைப் பதிவு, பாடக்குறிப்பு எதுவானாலும் ஒழுங்கு போனால் அந்தத் தரவை நம்ப முடியாது.

கீழே உள்ள சிறு கோப்பை ஒவ்வொரு பார்சருக்கும் கொடுத்துப் பார்த்தால் போதும். எக்ஸ்எம்எல் குறிச்சொற்களைத் தமிழிலேயே வைக்கலாம். அதற்கு விதியில் தடை இல்லை.

<பாதை பெயர்="ஏ9">
  <தரிப்பு>வவுனியா</தரிப்பு>
  <தரிப்பு>ஓமந்தை</தரிப்பு>
  <சந்தி>புளியங்குளம்</சந்தி>
  <தரிப்பு>கனகராயன்குளம்</தரிப்பு>
  <சந்தி>மாங்குளம்</சந்தி>
  <தரிப்பு>முறிகண்டி</தரிப்பு>
  <தரிப்பு>கிளிநொச்சி</தரிப்பு>
  <சந்தி>பரந்தன்</சந்தி>
  <தரிப்பு>ஆனையிறவு</தரிப்பு>
</பாதை>

ஆறு தரிப்பு, மூன்று சந்தி. புளியங்குளத்தில் நெடுங்கேணிக்கும், மாங்குளத்தில் ஏ34 வழியாக ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுக்கும், பரந்தனில் ஏ35 வழியாகப் புதுக்குடியிருப்புப் பக்கமும் வீதி பிரிகிறது. அதனால்தான் அந்த மூன்றுக்கும் வேறு குறிச்சொல். இரண்டு வகை எலிமென்ட்கள் (தொடக்கக் குறிச்சொல்லிலிருந்து முடிவுக் குறிச்சொல்வரை உள்ள ஒவ்வொரு துண்டும் ஓர் எலிமென்ட்) மாறி மாறிக் கலந்து வருவதுதான் இந்தச் சோதனையின் உயிர். ஒரே வகை மட்டும் உள்ள கோப்பில் கிட்டத்தட்ட எல்லாப் பார்சரும் தேறிவிடும். பிழை வெளியே தெரியாது. செயலியை வெளியிட்ட பிறகு யாரோ ஒருவர் முதல் சந்தியைச் சேர்க்கும் நாளில்தான் அது தெரியவரும்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0இன்படி ஓர் எலிமென்டுக்குள் இருக்கும் பிள்ளை எலிமென்ட்கள் எழுதப்பட்ட ஒழுங்கிலேயே இருக்கின்றன. அந்த ஒழுங்கு ஆவணத்தின் பகுதி. ஆனால் ஒரே குறிச்சொல்லுக்குள் வரும் பண்புகளுக்கு, அதாவது அட்ரிபியூட்களுக்கு, ஒழுங்கு கிடையாது. பெயர் முதலில் வந்தாலும் தூரம் முதலில் வந்தாலும் ஒன்றே. ஆகவே ஒழுங்கு முக்கியமான எதையும் அட்ரிபியூட்டில் வைக்கவே கூடாது. இடம்1, இடம்2, இடம்3 என்று அட்ரிபியூட்களாக அடுக்கிய கோப்பின் ஒழுங்குக்கு எந்தப் பார்சரும் உறுதி தராது.

சிக்கலின் வேர், எக்ஸ்எம்எல்லை ஜேசன் என்ற இன்னொரு தரவு வடிவம் போலப் பார்க்கும் பழக்கத்தில் இருக்கிறது. ஜேசன் ஒப்ஜெக்டில், அதாவது பெயரும் பெறுமதியுமாக எழுதும் தொகுப்பில், நடைமுறையில் ஒரு பெயர் ஒரு தடவைதான் வரலாம். அதன் உறுப்புகளுக்கு ஒழுங்கும் இல்லை. ஒழுங்கு உள்ளது அதன் வரிசைப்பட்டியலுக்கு, அதாவது அரேக்கு, மட்டுமே. ஆறு தரிப்பையும் மூன்று சந்தியையும் ஒப்ஜெக்டுக்குள் திணிக்க ஒரே வழி, பெயர்வாரியாகக் குவிப்பது:

{"தரிப்பு": ["வவுனியா", "ஓமந்தை", "கனகராயன்குளம்", "முறிகண்டி", "கிளிநொச்சி", "ஆனையிறவு"], "சந்தி": ["புளியங்குளம்", "மாங்குளம்", "பரந்தன்"]}

நெல்லையும் உழுந்தையும் தனித்தனிச் சாக்கில் கட்டியதுபோல இது பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் மாங்குளம் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் இருந்தது என்பதை இதிலிருந்து இனி எவராலும் மீட்க முடியாது. இந்தக் குவியலைச் செய்யாத பார்சர் எது, செய்யும் பார்சரை எப்படி நிறுத்துவது என்பதே இங்கே நடக்கும் மதிப்பீடு.

அன்ட்ரொயிட்டின் புல்பார்சர்

நேட்டிவ் அன்ட்ரொயிட் செயலிக்கு, அதாவது அன்ட்ரொயிட்டுக்கென்றே நேராக எழுதும் செயலிக்கு, இதுவே முதல் தெரிவு. வெளியிலிருந்து எதையும் சேர்க்கத் தேவையில்லை, இயங்குதளத்திலேயே இருக்கிறது. கோப்பை முழுதாக நினைவகத்தில் ஏற்றாமல் ஒவ்வொரு நிகழ்வாக (தொடக்கக் குறிச்சொல், எழுத்து, முடிவுக் குறிச்சொல் போன்றவை) நகர்வதால், 2 ஜிபி ரேம் உள்ள மலிவுக் கைபேசியிலும் பெரிய கோப்பு திணறாது. வன்னியில் கையில் இருக்கும் போன்களைப் பார்த்தால் இது சின்ன விடயம் அல்ல.

செய்முறை சுருக்கம். புதிய புல்பார்சரை எடுத்து, கோப்பின் இன்புட் ஸ்ட்ரீமைக் கொடுத்து, எழுத்துக்குறியாக்கம் என்ற இடத்தில் நல் என்று விடுங்கள். அது தானே கண்டுபிடிக்கும். முதல் குறிச்சொல்லுக்கு நகர்ந்து, அது பாதைதானா என்று ரிக்குவயர் மூலம் உறுதிசெய்யுங்கள். பிறகு முடிவுக் குறிச்சொல் வரும்வரை நெக்ஸ்ட் அழைக்கும் ஒரு சுற்று. தொடக்கக் குறிச்சொல் அல்லாத எதையும் விட்டுவிட்டு, பெயர் தரிப்பு என்றால் ஒரு தரிப்புப் பொருளையும், சந்தி என்றால் ஒரு சந்திப் பொருளையும் உருவாக்கி, இரண்டையும் ஒரே பட்டியலில் சேருங்கள். தெரியாத பெயர் என்றால் ஸ்கிப் பங்ஷனால் முழுதாகத் தாண்டுங்கள்.

ஒரே பட்டியல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்ட்ரொயிட்டின் அதிகாரபூர்வ வழிகாட்டியில் உள்ள மாதிரி நிரல், தலைப்பு, சுருக்கம், இணைப்பு என்று தனித்தனி மாறிகளில் வாங்குகிறது. அந்தத் தரவுக்கு அது சரி. அதை அப்படியே எடுத்து, தரிப்புக்கு ஒரு பட்டியல், சந்திக்கு ஒரு பட்டியல் என்று நீட்டினால், ஒழுங்கு காக்கும் பார்சரை வைத்துக்கொண்டே நாமே ஒழுங்கைக் கலைத்தவர்கள் ஆவோம். கொட்லின் நிரல்மொழியில் ஒரு சீல்ட் கிளாஸை (பிள்ளை வகைகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட வகை), பாதைப்புள்ளி என்ற கருத்தில், வைத்து, தரிப்பும் சந்தியும் அதன் பிள்ளைகளாக இருந்தால் ஒரே பட்டியல் இயல்பாக வரும். திரையில் காட்டும்போது வகையைப் பார்த்து வேறு வேறு வரியமைப்பைக் கொடுக்கலாம்.

வழுக்கும் இடங்கள் இதில் மூன்று. முதலாவது, ஸ்கிப் எழுதும்போது ஆழத்தை எண்ணாமல் விடுவது. தொடக்கக் குறிச்சொல் வந்தால் ஒன்று கூட்டி, முடிவு வந்தால் ஒன்று கழித்து, பூச்சியம் ஆகும்வரை நகர வேண்டும். எண்ணாமல் விட்டால், தெரியாத எலிமென்டுக்குள் இருக்கும் ஒரு தரிப்பு வெளிப்பட்டியலில் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, நெக்ஸ்ட் டெக்ஸ்ட் என்ற அழைப்பு. அது வெறும் எழுத்து மட்டும் உள்ள எலிமென்டுக்கே உரியது. உள்ளே வேறு குறிச்சொல் இருந்தால் பிழை எறியும். அன்ட்ரொயிட் 4.0க்கு முந்திய பதிப்புகளில் அது முடிவுக் குறிச்சொல்லுக்கு எப்போதும் நகராத குறையும் இருந்தது. பழைய நிரல்களில் அதற்காகப் போட்ட ஒட்டுகளை இன்றும் காணலாம், அவற்றைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மூன்றாவது, பெயர்வெளி, அதாவது குறிச்சொற் பெயர்களை முன்னொட்டால் வேறுபடுத்தும் நேம்ஸ்பேஸ். நேம்ஸ்பேஸ் செயலாக்கம் நிறுத்தப்பட்டிருந்தால் பெயர் முன்னொட்டோடு சேர்ந்து வரும்; இயக்கப்பட்டிருந்தால் முன்னொட்டு இல்லாமல் வரும். ஒப்பிடும் சொல் எதுவென்று தெரியாமல் எழுதினால் பட்டியல் வெறுமையாக வரும், பிழைச் செய்தியும் வராது.

குறிப்புரைகளும் சீடேட்டா (உள்ளே உள்ளதைக் குறிச்சொல்லாகப் பார்க்காமல் வெறும் எழுத்தாகவே கொள்ளும்) பகுதிகளும் இருந்த இடத்திலேயே வேண்டுமானால் நெக்ஸ்ட் போதாது. அது குறிப்புரையைத் தாண்டிவிடும், சீடேட்டாவைச் சாதாரண எழுத்தோடு சேர்த்துவிடும். நெக்ஸ்ட் டோக்கனைப் பயன்படுத்த வேண்டும். கோப்பைத் திருத்தித் திரும்ப எழுதும் செயலிக்கு இது தேவைப்படும்.

சாக்ஸும் டொமும்

சாக்ஸ், கோப்பை வாசித்துக்கொண்டே நம் நிரலை அழைக்கும் பார்சர் வகை; ஒழுங்கை முழுதாகக் காக்கிறது. கோப்பில் வரும் முறைப்படியே அழைப்புகள் வரும். அதன் குறை வேறு இடத்தில். எழுத்தைத் தரும் கெரக்டர்ஸ் அழைப்பு ஒரே எழுத்துத்தொடரைப் பல துண்டுகளாகத் தரலாம். கனகராயன்குளம் என்பது கனகரா என்று ஒரு தடவையும் யன்குளம் என்று மறு தடவையும் வரலாம். பார்சரின் உள்தாங்கி நிரம்பும் இடத்தையோ இடையில் வரும் என்டிட்டி என்ற பதிலிக் குறியீட்டையோ பொறுத்தது அது. ஒவ்வொரு துண்டையும் பட்டியலில் புது இடமாகச் சேர்த்தால் ஒன்பது பத்தாகும். தொடக்கக் குறிச்சொல்லில் ஒரு ஸ்ட்ரிங் பில்டரை வெறுமையாக்கி, துண்டுகளை அதில் சேர்த்து, முடிவுக் குறிச்சொல்லில் மட்டும் பட்டியலில் போடுங்கள். சிறிய சோதனைக் கோப்பில் இந்தப் பிழை தலைகாட்டாது, பெரிய கோப்பில்தான் வரும். ஐபோனின் எக்ஸ்எம்எல் பார்சரும் இதே வகை. இதே எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

டொம் முழுக் கோப்பையும் மரமாக நினைவகத்தில் கட்டுகிறது. கோப்பின் அளவைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். சில நூறு வரிகளுக்குப் பாதகமில்லை. பிள்ளைகளைக் கேட்டால் ஆவண ஒழுங்கில் தரும். ஆனால் நம் கோப்பில் ஒன்பதை எதிர்பார்த்தால் பத்தொன்பது வரும். வரிமுறிவும் இடைவெளியும் எழுத்து முனைகளாக எண்ணப்படுவதால், ஒன்பது எலிமென்டுகளுக்கு முன்னும் பின்னும் நடுவிலுமாகப் பத்து வெற்று முனைகள் சேர்கின்றன. முனையின் வகையைப் பார்த்து எலிமென்ட்களை மட்டும் எடுங்கள். ஒற்றைப்படை எண்களை மட்டும் எடுக்கும் குறுக்குவழி, யாராவது கோப்பை ஒரே வரியில் சுருக்கிச் சேமித்ததும் உடைந்துவிடும். குறிச்சொற் பெயரால் தேடும் அழைப்பும் கவனத்துக்குரியது: அது பேரப்பிள்ளைகளையும் சேர்த்தே தரும், தரிப்பை ஒரு தடவை, சந்தியை ஒரு தடவை என்று தேடினால் மறுபடி அந்த இரண்டு சாக்குகள்தான்.

ஜக்சன்

சேர்வரில் ஜக்சன் என்ற ஜாவா நூலகத்தைப் பயன்படுத்தியவர்கள் கைபேசிக்கும் அதையே கொண்டுவர விரும்புவது இயல்பு. இந்த வேலைக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. அதன் எக்ஸ்எம்எல் பகுதி ஸ்டாக்ஸ் என்ற இடைமுகத்தில் நிற்கிறது; அன்ட்ரொயிட்டில் அது இல்லை. தனியாகச் சேர்க்க வேண்டும், செயலியின் அளவும் கூடும். அதைத் தாங்கிக்கொண்டாலும் ஒழுங்கு கிடைக்காது. பொதுவான ஜேசன் மரமாக வாசித்தால், 2.12 பதிப்புக்கு முன் திரும்ப வரும் எலிமென்ட்களில் கடைசியானது மட்டுமே மிஞ்சும். ஆறு தரிப்பில் ஆனையிறவு மட்டும் நிற்கும். 2020இல் வந்த 2.12 அதைத் திருத்தி அரேயாகத் தருகிறது. அப்படியும் அது பெயர்வாரிக் குவியலே.

கிளாஸுக்குள் வாசித்தால் இன்னொரு ஆபத்து உண்டு. உறை எலிமென்ட் இல்லாத பட்டியலில் தரிப்புகளுக்கு இடையில் சந்தி புகுந்தால், பின்னால் வரும் தரிப்புக் கூட்டம் முன்னையதை அழித்து எழுதக்கூடும். செட்டரில் பட்டியலை மாற்றாமல், இருக்கும் பட்டியலோடு சேர்க்கும்படி எழுதினால் இழப்பு நிற்கும். இரண்டு செட்டர்களும் ஒரே பட்டியலில் சேர்த்தால் ஒழுங்கும் ஓரளவு கைக்கு வரும். ஆனால் அவ்வளவு வளைத்துக் கட்டுவதைவிட நாற்பது வரிப் புல்பார்சர் நிரல் தெளிவானது.

சிம்பிள்

எக்ஸ்எம்எல்லை நேராக ஜாவா கிளாஸ்களுக்குள் வாசிக்கும் இந்த நூலகம் பழைய அன்ட்ரொயிட் செயலிகள் பலவற்றில் இருக்கிறது. 2013க்குப் பிறகு முதன்மைப் பதிப்பு நகரவில்லை. இணையத்திலிருந்து தரவு எடுக்கும் ரெட்ரோஃபிட் நூலகம் தன் சிம்பிள் மாற்றியையும் கைவிடப்பட்டதாக அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்குவோருக்கு இது வேண்டாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் செயலியைப் பராமரிப்போருக்கு ஒரு நல்ல செய்தி: கலந்து வரும் எலிமென்ட்களுக்கென்றே எலிமென்ட் லிஸ்ட் யூனியன் என்ற குறிப்பு (அனொட்டேஷன்) அதில் உண்டு. அதற்குள் தரிப்புக்கு ஒன்று, சந்திக்கு ஒன்று என இரண்டு உள்பட்டியல் குறிப்புகளை இன்லைன் என்று குறித்துக் கொடுத்தால், ஒரே பட்டியலில் கோப்பின் ஒழுங்கிலேயே ஒன்பதும் வந்து சேரும். இந்த ஒரு விடயத்தில் ஜக்சனைவிடச் சிம்பிள் மேல் என்று தயங்காமல் சொல்லலாம்.

செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலில் சேர்க்கும்போது ஸ்டாக்ஸ், ஸ்டாக்ஸ் ஏபிஐ, எக்ஸ்பிபி3 மூன்றையும் விலக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்ட்ரொயிட்டில் உள்ளவற்றோடு மோதும். நிரலைச் சுருக்கும் ஆர்8 இயங்கும்போது கிளாஸ் பெயர்களைக் காக்கும் விதிகளும் வேண்டும். சோதனைப் பதிப்பில் ஓடி வெளியீட்டுப் பதிப்பில் வெறுமையாக வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஃபாஸ்ட் எக்ஸ்எம்எல் பார்சர்

ஜாவாஸ்கிரிப்டில் கைபேசிச் செயலி எழுத உதவும் ரியெக்ட் நேட்டிவ்வில் எழுதுவோர் பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்பார்கள். தூய ஜாவாஸ்கிரிப்ட்; சேர்வர் பக்க ஜாவாஸ்கிரிப்டான நோட் சார்ந்த துணைப்பகுதிகள் தேவையில்லை. இந்த மதிப்பீட்டை எழுதுவதற்கு முக்கிய காரணமும் இந்தப் பார்சரே: நல்ல கருவி, ஆனால் இயல்புநிலை அமைப்பில் விட்டால் நம் வேலைக்கு நான்கு வகையில் கேடு செய்யும்.

இயல்புநிலையில் அது பெயர்வாரியாகவே குவிக்கும். மேலே காட்டிய இரண்டு சாக்குகள். பிரிசர்வ் ஆர்டர் என்ற தெரிவை ட்ரூ ஆக்கினால் வெளியீட்டின் வடிவமே மாறும். ஒவ்வொரு எலிமென்டும் ஒரு சிறு ஒப்ஜெக்ட். அவை எல்லாம் ஒரு அரேயில், கோப்பின் ஒழுங்கில். ஒவ்வொரு சிறு ஒப்ஜெக்டிலும் குறிச்சொல்லின் பெயரே சாவி, அதன் பெறுமதி பிள்ளைகளின் அரே. அட்ரிபியூட்கள் இருந்தால் ":@" என்ற தனிச் சாவியில். அதனால் குறிச்சொல்லின் பெயரை எடுக்கும்போது முதல் சாவியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல், ":@" அல்லாத சாவியைத் தேடி எடுங்கள். இந்தத் தெரிவை இடையில் போட்டால், பழைய வடிவத்தை நம்பி எழுதிய நிரல் முழுவதும் உடையும். ஆகவே திட்டத்தின் முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

அட்ரிபியூட்களை அது இயல்புநிலையில் புறக்கணிக்கும். பாதையின் பெயர் ஏ9 என்பது காணாமற்போனால் காரணம் இதுவே; இக்னோர் அட்ரிபியூட்ஸ் தெரிவை ஃபோல்ஸ் ஆக்க வேண்டும்.

மூன்றாவது, எண் மாற்றம். எண்போலத் தெரியும் எழுத்துகளை எண்ணாக்கிவிடும். வவுனியாவின் தொலைபேசிக் குறியீடு 024. அது 24 ஆகும். கிளிநொச்சியின் 021, 21 ஆகும். அந்த எண்ணுக்கு அழைக்க முயல்பவருக்குத்தான் பாதிப்பு. பார்ஸ் டெக் வெல்யூ தெரிவை ஃபோல்ஸ் ஆக்கி, எண் தேவையான இடத்தில் நீங்களே மாற்றுங்கள்.

நான்காவது, இடைவெளி வெட்டு. ட்ரிம் வெல்யூஸ் இயல்பாகவே இயங்கும். நேரசூசிக்கு நல்லது. பாடக்குறிப்புக்குத் தீங்கு. இந்த வரியைப் பாருங்கள்:

<பத்தி>இரணைமடுவுக்கு <அழுத்தம்>கனகராயன் ஆறு</அழுத்தம்> நீர் கொண்டுவருகிறது.</பத்தி>

வெட்டு இயங்கினால் இரணைமடுவுக்குகனகராயன் ஆறுநீர் என்று சொற்கள் ஒட்டிவிடும். தெரிவை நிறுத்தினால் சொற்கள் பிழைக்கும். ஆனால் எலிமென்டுகளுக்கு இடையிலான வெற்றுத் துண்டுகளும் பட்டியலில் வரும். பத்தி போன்ற கலப்பு எலிமென்டுக்குள் அவற்றை வைத்துக்கொண்டு, பாதை போன்ற பட்டியல் எலிமென்டுக்குள் வடிகட்டுங்கள். நேட்டிவ் அன்ட்ரொயிட்டில் இதே வரியை வாசிக்க, ஸ்பேனபிள் ஸ்ட்ரிங் பில்டரில் எழுத்து நிகழ்வுகளைச் சேர்த்துக்கொண்டே போய், அழுத்தம் தொடங்கும்போது அப்போதைய நீளத்தைக் குறித்து, முடியும்போது அந்த இடத்திலிருந்து தடித்த எழுத்தைப் பூசினால் போதும்.

பிரிசர்வ் ஆர்டர் இல்லாமல் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு தரிப்பு மட்டும் உள்ள பாதையில் அரே வராது, தனிப் பெறுமதி வரும். அதன்மேல் சுற்று ஓட்டினால் செயலி விழும். இஸ் அரே தெரிவால் திருத்தலாம். ஒழுங்கு காக்கும் வடிவத்தில் எப்போதும் அரே என்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

எக்ஸ்எம்எல்டூஜேஎஸ் என்பதும் பலருக்குப் பழக்கமானது. எக்ஸ்பிளிசிட் சில்ட்ரன், பிரிசர்வ் சில்ட்ரன் ஓர்டர் இரண்டையும் சேர்த்து இயக்கினால் ஒழுங்கான பிள்ளைப் பட்டியல் தனியாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் இயக்கிப் பயனில்லை. நோட்டுக்காக எழுதப்பட்டதால் கைபேசிக்குள் கொண்டுவரக் கூடுதல் வேலை உண்டு.

டார்ட் மொழியில் செயலி எழுதும் ஃபிளட்டரில் எக்ஸ்எம்எல் என்ற பெயரிலேயே உள்ள டார்ட் பொதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அது சரியாகவே செய்கிறது. சில்ட்ரன் என்றால் வெற்று முனைகளோடு பத்தொன்பது, சைல்ட் எலிமென்ட்ஸ் என்றால் ஒன்பது, இரண்டும் ஒழுங்காக. ஃபைன்ட் எலிமென்ட்ஸ் நேர்ப்பிள்ளைகளை மட்டும் தரும், ஃபைன்ட் ஓல் எலிமென்ட்ஸ் எல்லாச் சந்ததியையும் தரும். இந்த வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம். எக்ஸ்எம்எல்லை ஜேசனாக்கித் தரும் பொதிகளை இடையில் நுழைக்காதீர்கள்.

குளக்கட்டிலும் ஜிபிஎஸ் கோப்பிலும்

பஸ் பாதையில் ஒழுங்கு மாறினால் பார்ப்பவருக்கு உடனே தெரியும். குளக்கட்டுப் பதிவில் தெரியாது. மாரி மழைக்கு முன் கட்டில் நடந்து, துருசு (மதகு), அரிப்பு, புற்று, மரம் என்று கண்டதைக் கண்ட ஒழுங்கில் பதியும் செயலியை எண்ணிப் பாருங்கள். முதல் துருசுக்கும் இரண்டாம் துருசுக்கும் நடுவில் ஓர் அரிப்பு என்பதுதான் திருத்த வருபவருக்கு வேண்டிய தகவல். பெயர்வாரிக் குவியலில் இரண்டு துருசு, ஓர் அரிப்பு என்று மட்டும் மிஞ்சும். எண்ணிக்கை சரியாக இருப்பதால் ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த வகைச் செயலிக்கு ஒழுங்குச் சோதனை கட்டாயம் என்கிறோம்.

கட்டோரம் நடந்த தடத்தை, ஜிபிஎஸ் தடங்களைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாக வாங்கினால் தடப்புள்ளிகளின் ஒழுங்கே தடம். வரைபடத் தரவுக்கான கேஎம்எல் கோப்பின் தட எலிமென்டில் நேரங்களும் ஆள்கூறுகளும் தனித்தனி எலிமென்ட்களாக வந்து, முதல் நேரம் முதல் ஆள்கூறுக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு என்று எண்ணால் இணைகின்றன. வெறுமையான ஓர் எலிமென்டைத் தேவையில்லை என்று உங்கள் நிரல் தூக்கி எறிந்தால், அதன்பின் வரும் எல்லா நேரமும் ஓர் இடம் நகர்ந்துவிடும். வெற்று எலிமென்டுக்கும் பட்டியலில் ஓர் இடம் கொடுங்கள். இன்னொன்று: கேஎம்எல்லில் நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு. கிளிநொச்சி ஏறத்தாழ அகலாங்கு 9.4, நெட்டாங்கு 80.4. மாற்றி வாசித்தால் புள்ளி ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

தமிழுக்கே உரிய பொறி

குறிச்சொற்களைத் தமிழில் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கோயில் என்ற சொல்லின் கோ எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு ஏகாரக் கொம்பும் காலும் இரண்டு குறியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பார்சர் குறியீடுகளை அப்படியே ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் வேறு. தொடக்கக் குறிச்சொல் ஒரு விதமாகவும் முடிவு மறு விதமாகவும் இருந்தால், குறிச்சொல் பொருந்தவில்லை என்று கோப்பையே நிராகரிக்கும். இரண்டும் ஒரே விதமாக இருந்து உங்கள் நிரலில் உள்ள சொல் மறு விதமாக இருந்தால் இன்னும் மோசம்: எந்தப் பிழையும் காட்டாமல் அந்த எலிமென்ட் தாண்டப்படும், ஒன்பது எட்டாகும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றி எடுக்கும்போது இதை எதிர்பாருங்கள். கோப்பைச் செயலிக்குள் விடுமுன் முழுவதையும் என்எஃப்சி என்ற ஒருமித்த யுனிகோட் வடிவத்துக்கு இயல்பாக்குங்கள். ஜாவாவில் நோர்மலைசர், ஜாவாஸ்கிரிப்டில் நோர்மலைஸ் அதைச் செய்யும். கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருந்தால் இயல்பாக்கமும் திருத்தாது. யுனிகோடுக்கு மாற்றும் கருவியையே மாற்ற வேண்டும். தரிப்பு, சந்தி என்று ஒகர ஓகாரம் இல்லாத சொற்களைக் குறிச்சொல்லாகத் தெரிவுசெய்தது இதற்காகவே.

விண்டோஸ் நோட்பேடில் திருத்திய கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத பைட் ஒழுங்குக் குறி இருக்கலாம். ஸ்ட்ரீமாகக் கொடுத்தால் புல்பார்சர் சமாளிக்கும். நீங்களே ஸ்ட்ரிங்காக்கி ரீடராகக் கொடுத்தால் முதல் எழுத்திலேயே பிழை எறியும்.

பார்சரைத் தாண்டிய பிறகு

ஒழுங்காக வாசித்துவிட்டு எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் போடும் இடத்தில் தொலைப்பவர்களும் உண்டு. அடுக்கும் ஒழுங்கைச் சொல்லும் ஓர்டர் பை இல்லாத வினவலுக்கு ஒழுங்கு உறுதி கிடையாது; இன்று சரியாக வந்தது நாளை ஓர் இன்டெக்ஸ் சேர்த்ததும் மாறலாம். வரிசை எண் என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசை வைத்து, வாசிக்கும்போதே 10, 20, 30 என்று இட்டு, எப்போதும் அதனால் அடுக்கி எடுங்கள். பத்துப் பத்தாக இட்டால் இடையில் ஒரு தரிப்பைச் சேர்க்கும்போது மற்றவற்றைத் தொடத் தேவையில்லை. இந்த எண்ணைக் கோப்பிலேயே அட்ரிபியூட்டாக எழுதுவது எங்களுக்கு உவப்பில்லை: கையால் திருத்துபவர் எலிமென்டை நகர்த்திவிட்டு எண்ணை மறப்பார், பிறகு எது உண்மை என்று எவராலும் சொல்ல முடியாது.

ஜாவாவின் ஹாஷ்மேப்பும் சுவிஃப்டின் டிக்ஷனரியும் ஒழுங்கைக் காக்காது. கொட்லினின் மியூட்டபிள் மேப் ஒவ் சேர்த்த ஒழுங்கைக் காக்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஒப்ஜெக்டில் முழுவெண் போன்ற சாவிகள், சேர்த்த ஒழுங்கை விட்டு ஏறுவரிசையில் முன்னால் வந்து நிற்கும். பஸ் வழித்தட இலக்கத்தைச் சாவியாக வைத்தால் 87ஐ முதலில் சேர்த்திருந்தாலும் 15தான் முதலில் வரும். மேப் வகையைப் பயன்படுத்தினால் இந்தச் சங்கடம் இல்லை.

திரும்ப எக்ஸ்எம்எல்லாக எழுதும்போது, வாங்கும் பக்கத்தில் சீக்வன்ஸ் என்று வரையறுத்த ஸ்கீமா (கோப்பின் அமைப்பு விதி) இருந்தால் ஒழுங்கு பிசகிய கோப்பை அது ஏற்காது. அன்ட்ரொயிட்டின் சீரியலைசர் நீங்கள் அழைத்த ஒழுங்கில் எழுதும். சிம்பிளுக்கு ஓர்டர் குறிப்பும், ஜக்சனுக்கு பிராப்பர்ட்டி ஓர்டர் குறிப்பும் உண்டு. இவை எழுதும் பக்கத்துக்கே, வாசித்த ஒழுங்கை இவை மீட்டுத் தராது. ஃபாஸ்ட் எக்ஸ்எம்எல் பார்சரில் வாசிக்கும்போது பிரிசர்வ் ஆர்டர் போட்டிருந்தால், எழுதும் பில்டரிலும் அதே தெரிவைப் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் வெளிவருவது குப்பை.

சோதனையை இப்படி எழுதுங்கள். கோப்பை வாசித்து, ஒவ்வொன்றின் வகையின் முதலெழுத்தையும் கோத்தால் த த ச த ச த த ச த என்று வர வேண்டும். தரவுத்தளத்தில் போட்டு எடுத்த பிறகும் அதே தொடர். எக்ஸ்எம்எல்லாக எழுதி மறுபடி வாசித்த பிறகும் அதே தொடர். பிறகு ஒரே தரிப்பு உள்ள கோப்பு, ஒன்றுமே இல்லாத வெறும் பாதை, முழுதும் ஒரே வரியில் சுருக்கிய கோப்பு, முறிகண்டிக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் தெரியாத குறிச்சொல் ஒன்றும் அதற்குள் ஒரு தரிப்பும் வைத்த கோப்பு. இவற்றை வெளியீட்டுப் பதிப்பிலேயே, கையிலுள்ள ஆகப் பழைய போனில் ஓட்டுங்கள்.